முதல் தனிப்பயணம்: பயம் போன பிறகுதான் கிளம்ப வேண்டுமா?

மழைநத்தை:
வயது 34. இதுவரை எங்கேயும் தனியாக ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. அடுத்த மாதம் நான்கு நாள் விடுப்பு. கூட வருவதாகச் சொன்ன தோழி பின்வாங்கிவிட்டாள், டிக்கெட் மட்டும் கையில் இருக்கிறது. பகலில் யோசித்தால் போய்விடலாம் போல இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. இந்தப் பயம் போகும்வரை காத்திருக்கவா, இப்படியே கிளம்பவா? தனியாகப் போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள். "ஜாக்கிரதையாக இரு" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வீட்டில் நாலு பேர் சொல்லியாகிவிட்டது.

ஊர்சுற்றி:
கிளம்புங்கள். பயம் முழுசாகப் போன பிறகு பெட்டி கட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இதைத்தான் எழுதினார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது: நாமே செய்து முடித்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. நாலில் வலுவானது முதலாவது. போகாமல் இருந்தால் அது எப்படி வரும்? ஒவ்வொரு தடவை பயந்து ரத்து செய்யும்போதும் அப்பாடா என்று ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி.

நிதானி:
இந்த 'கிளம்பிவிடு' வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதே பண்டூரா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: நம்பிக்கை வேர்விடும் முன்பே தோல்வி வந்தால், இருந்ததும் போய்விடும். அதற்கு நானே சாட்சி.

என் முதல் தனிப்பயணம். வண்டி தாமதமாகி ஊருக்குள் நுழையும்போது மணி பதினொன்று. விடுதி வரவேற்பில் இருந்தவர், பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும்போதே என் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னார். மேலே போய்ப் பார்த்தால் தாழ்ப்பாளின் கொண்டி இருக்கிறது, அது விழவேண்டிய துளை பெயர்ந்து கிடக்கிறது. நாற்காலியைக் கதவில் சாய்த்து, அதன்மேல் பெட்டியை வைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தே விடியவைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நாலு வருஷம் எங்கேயும் போகவில்லை. 'கிளம்பு' என்று சொன்னவர்கள் யாரும் அந்த நாலு வருஷத்துக்குக் கணக்குச் சொல்லவில்லை.

ஊர்சுற்றி:
நிதானி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். அன்று ராத்திரி ஏன் கீழே இறங்கிப் போய் வேறு அறை கேட்கவில்லை?

நிதானி:
தெரியவில்லை. தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமே என்று தயக்கம். 'இந்தப் பொண்ணு ரொம்பப் பண்ணுது' என்று நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். சிரிக்காதீர்கள்.

கண்ணாடிக்காரன்:
நடுவில் நுழைகிறேன். நான் பெண்களுக்கு எதிரி இல்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தனியாகத்தான் போகவேண்டும் என்று ஏன் இந்தப் பிடிவாதம்? உலகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துமா? பெண்களுக்கென்றே குழுப் பயணங்கள் இருக்கின்றனவே. வீட்டை விட வெளியே ஆபத்து அதிகம் என்பதை ஒப்புக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஊர்சுற்றி:
சார், எண்களைப் பார்ப்போமா? உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்திக்கிறாள். அதில் பெரும்பகுதியைச் செய்கிறவர் கணவரோ துணைவரோதான். 'வெளியே போகாதே, வீட்டில் இரு' என்று சொல்கிறவர்கள் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிதானி:
கண்ணாடிக்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஊர்சுற்றி, இந்தக் கணக்கு கோணல். பெரும்பாலான பெண்களின் வாழ்நாளில் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது, தனிப்பயணத்தில் கழிவது சில நாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'வெளியே பத்திரம்' என்று முடிவு கட்ட முடியாது. வீடு பத்திரம் என்ற கதை பொய் என்று மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. அது முக்கியமான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் அறிமுகமில்லாத தெருவில் நிற்கிறவளுக்கு அது கைவிளக்கு ஆகாது.

ஊர்சுற்றி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். வேறு உதாரணம் சொல்கிறேன். நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1889 நவம்பர் 14 அன்று நியூயார்க் பக்கத்திலிருந்து தனியாகக் கிளம்பி, 72 நாளில் உலகைச் சுற்றி வந்தார். கையில் ஒரே ஒரு சிறு பை. பெண்ணுக்குத் துணை வேண்டும், ஏகப்பட்ட பெட்டிகள் வேண்டும் என்று பத்திரிகை அலுவலகத்தில் முதலில் தட்டிக்கழித்திருக்கிறார்கள்.

நிதானி:
பின்னால் ஒரு பத்திரிகையின் பணமும் பேரும் இருந்தன. அதை விட்டுவிட்டுத் தைரியத்தை மட்டும் பேசினால் எப்படி? எனக்கு இடா ஃபைஃபர்தான் நெருக்கம். வியன்னாக்காரர். மகன்கள் வளர்ந்து ஆளாகும்வரை காத்திருந்து, 1842இல் நாற்பதைத் தாண்டிய வயதில் முதல் பயணம். பிறகு உலகை இரண்டு தடவை சுற்றினார். அந்த முதல் பயணத்தில் அவர் போனது எருசலேம், எகிப்து வரை, வீட்டில் சொன்னதோ கான்ஸ்டான்டினோபிளில் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று! காத்திருப்பதும் பொய் சொல்வதும்கூடப் பயணத் தயாரிப்புதான் போலிருக்கிறது.

பழைய பெட்டி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். மழைநத்தை, என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் நீ என்றே சொல்கிறேன். இவர்கள் இருவரும் தைரியத்தை ஏதோ தண்ணீர்த் தொட்டி மாதிரி பேசுகிறார்கள், நிறைந்ததா நிறையவில்லையா என்று. முப்பது வருஷமாகத் தனியாகப் போகிறேன். இன்றும் முதல் ராத்திரி வயிறு பிசையும். அது போகாது. 'பிடிக்கவில்லை என்றால் இங்கிருந்து கிளம்ப என்னால் முடியும்' என்பது மட்டும் நன்றாகத் தெரியும். எனக்கு அது போதுமாக இருக்கிறது.

அதற்குப் பழக்கம் வேண்டும், அதை இந்த வாரமே ஆரம்பிக்கலாம். தெரியாத உணவகத்தில் தனியாக உட்கார்ந்து, போனைப் பையில் போட்டுவிட்டு, சாப்பிட்டு முடி. முதல் பத்து நிமிஷம் எல்லோரும் உன்னையே பார்ப்பதாகத் தோன்றும். அப்புறம்தான் தெரியும், அவரவர் தட்டு அவரவருக்கு. உட்கார்ந்த இடம் பிடிக்கவில்லை என்றால் வேறு மேசை கேள். மன்னிப்பும் சேர்க்காதே, காரணமும் சேர்க்காதே. நிதானியிடம் அன்று இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான்: "இந்த அறை வேண்டாம், வேறு கொடுங்கள்." அதை முதல் தடவையாகச் சொல்லிப் பார்க்கும் இடம் பதினொரு மணி ராத்திரியாக இருக்கக் கூடாது.

மற்றபடி, பகல் வெளிச்சத்தில் போய் இறங்கு. அந்த இடத்தை விட்டு வேறு விடுதிக்கு மாறும் அளவுக்குப் பணத்தைத் தனியாக ஒளித்து வை. போகும் நாட்டின் அவசர எண்ணை மனப்பாடம் செய், பல நாடுகளில் 112. கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று வாங்கிக்கொள். நமக்கு யாரும் ஆப்பு வைக்குமுன் கதவுக்கு நாம் வைத்துவிட வேண்டும்.

கண்ணாடிக்காரன்:
இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது என்றால் நான் சொன்னது சரி என்றுதானே அர்த்தம்?

பழைய பெட்டி:
தம்பி, நீங்கள் வண்டி ஓட்டும்போது சீட் பெல்ட் போடுவீர்களா?

நிதானி:
அம்மா, 'பெண்தான் எல்லாவற்றுக்கும் தயாராக வேண்டும்' என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தாழ்ப்பாளைச் சரிசெய்ய வேண்டியவர் விடுதிக்காரர். அவரை யாரும் தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்புவதில்லை.

பழைய பெட்டி:
உறுத்தட்டும். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அவர் திருந்தும்வரை நான் வீட்டில் உட்கார மாட்டேன்.

மழைநத்தை:
அம்மா, ஒரு சந்தேகம். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் ஆப்பு எப்படி நிற்கும்?

பழைய பெட்டி:
நிற்காது. உள்பக்கம் திறக்கும் கதவுக்குத்தான் அது. விடுதிக்கு ஒரு போன் போட்டு இப்போதே கேள். தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்துக் கேள்.

மழைநத்தை:
கேட்டுவிட்டேன். உள்பக்கம்தானாம். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பக்கத்துக் குரல் கொஞ்சம் சிரித்தது. "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் லைனில் இருக்கிறேன்" என்றேன். நாலு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றேன், கை வேர்த்துவிட்டது. தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதாம். வண்டி மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேரும்.