3டி மாடல் முடித்த பிறகும் ஸ்கெட்ச், அட்டை மாடல், டிராயிங் எல்லாம் வேண்டுமா?

மெக்_கடைசிவருடம்:
வணக்கம். புராஜெக்டுக்காக, கையால் சுற்றி மக்காச்சோளக் கதிரிலிருந்து மணி உதிர்க்கும் சின்ன இயந்திரம் செய்கிறோம். 3டி மாடல் முழுசாக முடிந்தது. கைடு பார்த்துவிட்டு, கை ஸ்கெட்ச் எங்கே, அட்டையில் செய்து பார்த்தீர்களா, பட்டறைக்கு டிராயிங் எங்கே என்று கேட்கிறார். திரையில் எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாமே, இதெல்லாம் ரிப்போர்ட்டை நிரப்பத்தானா?

பட்டறைவாசி:
டிராயிங் இல்லாமல் பட்டறைக்குப் போகாதீர்கள். மாடலில் ஷாஃப்ட்டும் (சுற்றும் தண்டு) 20 மி.மீ., அது உள்ளே சுற்றும் புஷ் ஓட்டையும் 20 மி.மீ. என்றுதான் இருக்கும், அதை வைத்து டர்னர் என்ன செய்வார்? அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்லும் குறியீடாக ஓட்டைக்கு எச்7, ஷாஃப்ட்டுக்கு ஜி6 என்று டிராயிங்கில் போட்டால் ஓட்டையை 20.000-லிருந்து 20.021-க்குள்ளும் ஷாஃப்ட்டை 19.980-லிருந்து 19.993-க்குள்ளும் கடைந்து கொடுப்பார், சிக்காமல் சுற்றும்.

அப்புறம் இன்னொன்று. டிராயிங்கில் தோற்றங்களை அடுக்கும் முறையில் நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான் வழக்கம், அதில் வலப்பக்கத் தோற்றம் முன் தோற்றத்துக்கு இடது பக்கம் வரும்; தேர்ட் ஆங்கிளில் வலது பக்கமே வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மென்பொருளின் டெம்ப்ளேட் தேர்ட் ஆங்கிளில் இருந்ததைக் கவனிக்கவில்லை, வலப்பக்கத் தோற்றத்தை வலது பக்கமே போட்டு அனுப்பிவிட்டேன், அவர்கள் அதை இடப்பக்கத் தோற்றமாகப் படித்து நான்கு பிராக்கெட்டிலும் எதிர்ப் பக்கச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டார்கள். நான்கும் பழைய இரும்புக்குப் போயின. டிராயிங் மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக்கில், எந்த ஆங்கிள் என்று காட்டும் கூம்புச் சின்னம் இருக்கிறதா பாருங்கள்.

பென்சில்கோடு:
ஸ்கெட்ச் விஷயத்தில் உங்கள் கைடு பக்கம்தான் நான். அரை மணி நேரத்தில் பத்து யோசனை கிறுக்கிப் பார்க்கலாம். மூன்று நாள் உட்கார்ந்து மாடல் செய்தவனுக்கு அதைத் தூக்கிப்போட மனசு வராது, அதையே ஒட்டுப்போட்டுக்கொண்டு இருப்பான்.

அட்டை மாடல் கைக்கும் உடம்புக்கும். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராகும் முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார், பையில் அடங்குமா, எத்தனை தடவை எடுக்கத் தோன்றும் என்று பார்க்க. நீங்களும் கைப்பிடியையும் சட்டத்தையும் அட்டையில் முழு அளவில் வெட்டி ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

மெக்_கடைசிவருடம்:
ரொம்ப நன்றி. டெம்ப்ளேட்டைப் பார்த்தேன், தேர்ட் ஆங்கிள்தான்! மாற்றிவிட்டேன். அட்டையிலும் வெட்டிச் சுற்றிப் பார்த்தோம், ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் முட்டி ஹாப்பர் (கதிர் போடும் வாய்) விளிம்பில் இடிக்கிறது. கைப்பிடியை 40 மி.மீ. வெளியே தள்ளப் போகிறோம்.

பட்டறைவாசி:
தள்ளிய பிறகு மறுபடியும் சுற்றிப் பாருங்கள், இந்தத் தடவை உள்ளே கதிரையும் பிடித்துக்கொண்டு.