அமைச்சர் பதவியால்தான் பிரஜாவுரிமை வந்ததா? தொண்டமான் பற்றி ஒரு வாக்குவாதம்

கொத்மலையான்:
தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார், அதனால்தான் நாடற்றவர்களாக இருந்த மலையகத் தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அவர் அமைச்சரானது 1978. சட்டம் வந்தது 1986. நடுவில் அந்தக் கதிரை என்ன செய்தது?

மல்லியப்பு:
1984 வேலைநிறுத்தத்தை மறந்துட்டீங்களா அண்ணே? பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்சம்பளம் அதில்தான் வந்தது. 1986 தைப்பொங்கலோடு பிரஜாவுரிமை கேட்டுப் பிரார்த்தனை இயக்கம். வேலைநிறுத்தம் என்ற பேச்சே இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் கும்பிடுவது, அவ்வளவுதான். கொழுந்து எடுத்த மலைக்கு ஏழெட்டு நாளில் திரும்பி வர வேண்டும். சுற்றுப் பிந்தினால் இலை முற்றிவிடும், தூளின் தரம் விழும், அடுத்த சுற்றும் குழம்பும். தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு இது நன்றாகவே தெரியும். அமைச்சரவையில் இருந்துகொண்டே அதே அரசாங்கத்தின் கழுத்தைப் பிடித்த ஆள் அவர்.

கொத்மலையான்:
பிடித்தது சனம். அதோடு கணக்கும் ஏற்கெனவே கனிந்திருந்தது. நாடற்றவர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கிட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆக இந்தியாவின் பங்கு 600,000. ஆனால் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தது 506,000 பேர்தான். இடையில் விழுந்த 94,000 பேருக்குத்தான் 1986 சட்டம். போதாததற்கு, 1985 திம்புப் பேச்சுவார்த்தையில் வடக்குக் கிழக்குத் தமிழ் இயக்கங்கள் வைத்த நாலாவது கோரிக்கையே இந்தப் பிரஜாவுரிமை. டெல்லியும் நெருக்கியது. இத்தனையையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதாதீங்க.

றம்பொடைப் பக்கம்:
ரெண்டு பேரும் 1949ஐத் தாண்டிப் போகிறீங்க. இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு இரண்டு வருச அவகாசம் இருந்தது, 1951 ஆகஸ்ட் வரை. தொண்டமான் முன்னணியில் நின்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் அதைப் பகிஷ்கரித்தது, கடைசி நேரத்தில்தான் விண்ணப்பிக்கச் சொன்னது. 237,000 அளவில் விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கு மேல் ஆட்கள்; கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. கலியாணம் முடித்தவர் 1946க்கு முன் 7 வருசமும் மற்றவர் 10 வருசமும் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியவருக்குத் தொடர்ச்சி அறுந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவன் இதற்கெல்லாம் கடதாசிக்கு எங்கே போவான்?

மல்லியப்பு:
பகிஷ்கரிப்பு பிழைதான், மறுக்கவில்லை. அதனால்தான் 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் முக்கியம் என்கிறேன். இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர், வேறு நாட்டுப் பிரஜை இல்லாதவர் என்றால் ஒரு சத்தியக்கடதாசி போதும். விசாரணை, தள்ளுபடி எல்லாம் போச்சு. அந்த டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். ஆளுங்கட்சி வேட்பாளர் பிரேமதாசவுக்கு ஓட்டு வேண்டியிருந்தது. வெளியே நின்று கோஷம் போட்டிருந்தால் அந்த நேரத்தில் பேரம் பேசியிருக்க முடியுமா?

கொத்மலையான்:
பேரக்காரர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்காகப் பேரம்? அவர் தொழிற்சங்கத் தலைவர் மட்டுமில்லை, றம்பொடை வேவண்டன் தோட்டத்து முதலாளி வீட்டுப் பிள்ளை. 1992இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தபோதும் அமைச்சரவையில்தான் இருந்தார். அன்றைக்கு லயத்தையும் காணியையும் பற்றி என்ன எழுதி வாங்கினார்?

றம்பொடைப் பக்கம்:
தம்பி மல்லியப்பு, இதற்கு 1984ஐச் சொல்லித் தப்ப முடியாது.