டிஎன்எஸ் மாற்றியும் ஃப்ளிக்கரில் ஆபாசப் படங்கள் வருகின்றன

கேள்வி: ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆக, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 போட்டிருக்கிறேன். ஆபாசத் தளங்கள் திறப்பதில்லை. ஆனால் படங்களைப் பகிரும் தளமான ஃப்ளிக்கரில் தேடினால் பிள்ளைகள் பார்க்கக்கூடாத படங்கள் வருகின்றன. ஏன்?

பதில் 1: டிஎன்எஸ்ஸுக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், உள்ளே என்ன படம் திறக்கிறது என்பது தெரியாது. பிள்ளை பயன்படுத்தும் ஃப்ளிக்கர் கணக்கின் செட்டிங்ஸில் சேஃப்சர்ச்சை (ஆபாசப் படங்களை மறைக்கும் வடிகட்டி) ஆன் செய்யுங்கள். அப்போதும் சில நழுவி வரும். பொதுவாக ஒரு படம் எந்த வகை என்று குறிப்பவர் அதை ஏற்றுபவர்தான்; அவர் தவறாகக் குறித்தால் வடிகட்டி ஏமாந்துவிடும். கண்ணில் பட்டால் தயங்காமல் ரிப்போர்ட் செய்யுங்கள்.

பதில் 2: பிரவுசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' ஆன் ஆகி, ரவுட்டரில் போட்டதை விட்டு வேறு டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தினால் ரவுட்டர் அமைப்பே வீண். அதை அணையுங்கள். ரவுட்டரில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) டிஎன்எஸ்ஸையும் மாற்றுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மொபைல் டேட்டாவுக்கு ரவுட்டர் பொருந்தாது.

பதில் 3: சின்னப் பிள்ளை என்றால் வடிகட்டியை நம்பவே வேண்டாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் போய், நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும்படி வையுங்கள். பாஸ்கோடு பிள்ளைக்குத் தெரியக்கூடாது.