ரோட்டரி மாவட்ட மானியம்: ஒப்புதலுக்கு முன்பே முன்பணம் கொடுத்துவிட்டோம், இப்போது இயந்திரத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை | மே 14

அனைவருக்கும் வணக்கம். டெல்டாவின் கடைமடைப் பகுதியில் ஒரு சிறிய ரோட்டரி சங்கத்துக்குச் சென்ற ஜூலை முதல் நான் செயலாளர். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் 140 பிள்ளைகள் படிக்கிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு அவர்கள் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அதை மாற்ற யுவி (புற ஊதாக் கதிர்) சுத்திகரிப்பு இயந்திரம், தொட்டி, ஆறு குழாய்கள், கைகழுவும் மேடை என்று 1,80,000 ரூபாய்க்குத் திட்டம் போட்டு, எங்கள் வட்டாரச் சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம் தரும் மானியத்துக்கு விண்ணப்பித்தோம். மாவட்டம் 90,000, சங்கம் 90,000. ஏப்ரல் 9 தேதியிட்ட ஒப்புதல் கடிதம் வந்தது, பணமும் வந்துவிட்டது.

சிக்கல்களை மறைக்காமல் எழுதுகிறேன். முதலாவது, விலை ஏறிவிடும் என்று பயந்து எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் மார்ச் மாதமே கைப்பணம் 20,000 ரூபாயை இயந்திரக் கடைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டார். ஒப்புதலுக்கு முந்தைய செலவு ஏற்கப்படாது என்று கடிதத்தில் தெளிவாக இருக்கிறது. கடைக்காரர் ரசீதில் தேதியை மாற்றித் தருவதாகச் சொல்கிறார். அவர் அந்த உறுப்பினரின் மைத்துனர். விலைப்புள்ளியும் அவரிடம் மட்டுமே வாங்கினோம்.

இரண்டாவது, மானியப் பணம் சங்கத்தின் பொதுக் கணக்கில் விழுந்தது. அதிலிருந்து 22,000 ரூபாய் மாநாட்டுப் பதிவுக் கட்டணத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவது, சென்ற வாரம் கிணற்றுத் தண்ணீரை அளந்தபோது டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1,850 காட்டியது. யுவி உப்பை எடுக்காது, சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம்தான் வேண்டும், 35,000 ரூபாய் கூடும் என்கிறார் கடைக்காரர். ஜூன் 30-க்குள் இறுதி அறிக்கை தர வேண்டும். இரவில் தூக்கம் வரவில்லை.

பழைய பொருளாளர் | மே 14

தம்பி, தேதி மாற்றிய ரசீதைக் கையால்கூடத் தொடாதீர்கள். மற்ற தவறுகள் அவசரத்திலும் அறியாமையிலும் நடந்தவை. இது அப்படி ஆகாது. தணிக்கையில் வங்கிப் பதிவும் ரசீதும் ஒத்துப் போகாதபோது உங்கள் சங்கம் மட்டுமல்ல, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் பக்கத்து ஊர்ச் சங்கங்களும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

பொருள் இன்னும் வந்து இறங்கவில்லையே. அதனால் வழி இருக்கிறது. அந்த முன்பணத்தை ரத்துசெய்து, கொடுத்தவருக்கே வங்கி வழியாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பிறகு மூன்று கடைகளில் எழுத்துமூலம் விலைப்புள்ளி வாங்குங்கள். மைத்துனரும் போட்டியிடலாம், ஆனால் உறவு இன்னதென்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். முடிவெடுக்கும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நல்ல மனிதராக இருந்தால் இதற்கு வருத்தப்பட மாட்டார், அவர் பெயரைக் காப்பதும் இந்தக் குறிப்புதான்.

22,000 ரூபாயை நாளைக்கே திருப்பி வையுங்கள். நிர்வாகிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாவது வையுங்கள். அதன் பிறகு முழு 90,000 ரூபாயையும் தனிக் கணக்குக்கு மாற்றி, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கும்படி செய்யுங்கள். மானியத்துக்குத் தகுதி பெறுவதற்காகச் சங்கம் மாவட்டத்தோடு கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். மானியப் பயிற்சிக்குப் போனவர் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று ஆண்டுகளுக்கு முன் மாவட்டத்துச் சங்கங்களின் உறுப்பினர்கள் ரோட்டரி அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குக் கொடுத்ததில் ஒரு பங்குதான் மாவட்ட நிதியாகத் திரும்பி வந்து மானியமாகிறது. உங்கள் ஊரில் அன்று நூறும் இருநூறுமாகக் கொடுத்தவர்கள் இன்றும் கூட்டத்துக்கு வருகிறார்கள் அல்லவா? அவர்கள் பணம் இது. 1918-இல் கன்சாஸ் சிட்டி சங்கம் அனுப்பிய 26.50 டாலர்தான் இந்த அறக்கட்டளைக்கு வந்த முதல் நன்கொடை. சிறு தொகை என்று எதையும் அலட்சியமாகக் கணக்கெழுதும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி மாவட்ட மானியக் குழுத் தலைவருக்கு இன்றே அனுப்புங்கள். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்கிறோம், எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், இந்த மூன்றும் இருந்தால் போதும். பதில் வரும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

குடிநீர்ப் பொறியாளர், ஓய்வு | மே 15

கணக்கைப் பெரியவர் பார்த்துக்கொண்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

யுவி கிருமியைக் கொல்லும், உப்பைக் குறைக்காது. கடைக்காரர் சொன்னது சரி. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-இன்படி டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஆனால் உடனே ஆர்.ஓ.வுக்குத் தாவாதீர்கள். அது உள்ளே வாங்கும் தண்ணீரில் பெரும்பங்கைக் கழிவாக வெளியே தள்ளும். அந்த உப்புக் கழிவைப் பள்ளியில் எங்கே விடுவீர்கள்? சவ்வு மாற்றும் செலவை மூன்றாம் ஆண்டில் யார் ஏற்பார்கள்? சவ்வு அடைத்துப்போய், பூட்டிய அறைக்குள் துருப்பிடித்து நிற்கும் ஆர்.ஓ. இயந்திரங்களை எத்தனையோ பள்ளிகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. உங்கள் பகுதியில் கொள்ளிடத்துத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறதா? வந்தால் பள்ளிக்கு மிக அருகில் உள்ள தெருக்குழாயில் பிடித்து அளந்து பாருங்கள். டி.டி.எஸ். அளக்கும் பேனா போன்ற மீட்டர் கரைந்த உப்பின் அளவைத்தான் காட்டும். கிருமி, புளூரைடு, நைட்ரேட் எதையும் காட்டாது. ஆகவே மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதியுங்கள். அந்த அறிக்கையையும் குழுவுக்கு அனுப்பும் கடிதத்தோடு இணையுங்கள்.

வெண்ணாற்றங்கரை | மே 15

இருவருக்கும் நன்றி ஐயா. தெருக்குழாய் பள்ளிச் சுவரிலிருந்து நாற்பது அடி தூரம்தான். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். இதை ஏன் யோசிக்கவில்லை என்று வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். குறையும் தொகைக்கு உதவ, சிங்கப்பூரில் இருக்கும் என் நண்பர் 30,000 ரூபாய் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பழைய பொருளாளர் | மே 16

அவர் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்கக் கூடாது. உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமே என்று யாராவது குறுக்குவழி சொல்வார்கள். கேட்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை | ஜூன் 21

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தெருக்குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். 340. ஆய்வக அறிக்கையில் உப்பு, புளூரைடு, நைட்ரேட் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. ஊராட்சியில் பள்ளிக்குத் தனி இணைப்புக் கேட்டோம். தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டுக் கொடுத்தார். அந்தக் கூட்டத்துக்கு வந்த தாய்மார்கள் பதினோரு பேர், எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

மாவட்டக் குழுவுக்குக் கடிதம் அனுப்பிய மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. திட்டுவார்கள் என்று நடுங்கினேன். தலைவர் வங்கிப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, நீராதார மாற்றத்துக்கு எழுத்துமூலம் அனுமதி கொடுத்தார். முன்பணம் திரும்பி வந்துவிட்டது. 22,000 ரூபாயும் கணக்குக்குத் திரும்பிவிட்டது. மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்த விலை வேறொரு கடையினுடையது. மூத்த உறுப்பினருக்கு முதலில் மனத்தாங்கல்தான், ஆனால் இணைப்புக் குழாய் பதித்த அன்று காலை ஆறு மணிக்கே மண்வெட்டியோடு வந்து நின்றார்.

யுவியே போதுமானதால் கூடுதல் பணம் தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரத் தண்ணீரைத் தேக்க 2,000 லிட்டர் தொட்டி வைத்தோம். மொத்தச் செலவு 1,76,400 ரூபாய். ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீதுகள், வங்கி அறிக்கை, படங்கள், தலைமையாசிரியர் கடிதம் எல்லாவற்றோடும் இறுதி அறிக்கையை நேற்று அனுப்பினேன்.

பழைய பொருளாளர் | ஜூன் 21

மிகுந்த மகிழ்ச்சி தம்பி. மீதம் 3,600 ரூபாயில் மாவட்டத்தின் பங்கைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கோப்பைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜூலை 1 அன்று புதிய நிர்வாகிகள் வருகிறார்கள், கோப்பையும் கணக்கையும் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

குடிநீர்ப் பொறியாளர், ஓய்வு | ஜூன் 22

யுவி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஓராண்டில் அதன் வீரியம் குறைந்துவிடும். பொருத்திய தேதியை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மாற்றும் பொறுப்பு யாருடையது?

வெண்ணாற்றங்கரை | ஜூன் 22

சங்கத்தினுடையது ஐயா. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் விளக்குக்கும் வடிகட்டிக்கும் தொகை ஒதுக்கித் தீர்மானம் போட்டுவிட்டோம். தேதியை இன்று மாலை போய் ஒட்டிவிடுகிறேன்.