புதுப்பிப்பு: டீசல் எஞ்சினின் தட்டல் சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது

ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினில் கூர்மையான தட்டல் கேட்கிறது, கூடவே கரும்புகை வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டுடன் இணைக்கும் தண்டின் பேரிங்) தேய்ந்திருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றே பலர் சொன்னீர்கள். நல்லவேளை, பேரிங் அல்ல; மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்.

என்னுடையது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய எஞ்சின். அது ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, அந்தந்தச் சிலிண்டருக்கு டீசல் போவதை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவதில் சத்தம் நின்றது. இது மட்டும் போதாது. எரிப்பு நின்றால் பேரிங் தட்டலும் அடங்கும். அதனால் அந்த இன்ஜெக்டரை முதல் சிலிண்டருக்கு மாற்றினேன். தட்டலும் அதனுடனேயே இடம் மாறியது! அப்போதுதான் உறுதியானது. பேரிங் தேய்ந்ததற்கான அடையாளமும் இல்லை: சூடான நிலையிலும் ஆயில் பிரஷர் சரியாகவே இருந்தது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் உலோகத் துகள் இல்லை. இன்ஜெக்டரைச் சோதித்தபோது அதன் முனையான நாசில் சொட்டியது. புது நாசில் போட்டதும் சத்தமும் புகையும் போய்விட்டன.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இப்படிக் குழாயைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அந்த எஞ்சினைச் சோதிக்க, அதன் கணினியுடன் இணைக்கும் ஸ்கேனர்தான் வழி.