பிக்கரிங்கில் டவுன்ஹவுஸ்: தெரு பிடித்துவிட்டது, ஒஃபர் போடலாமா?

கறிவேப்பிலைத்தொட்டி (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்கார்பரோவில் மார்க்கம் றோட் பக்கம் இரண்டு அறை அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் நோ. தனிவீடு எங்கள் கைக்கு எட்டாது. டவுன்ஹவுஸ் (சுவரோடு சுவராக வரிசையில் ஒட்டிய வீடு) என்றால் சேர்த்த காசு காணும் போல இருக்கிறது.

இரண்டு வீடு மனதில் நிற்கிறது. ஒன்று ஸ்கார்பரோவிலேயே, 1970களில் கட்டிய கொண்டோ டவுன்ஹவுஸ். 6 லட்சத்து 80 ஆயிரம் கேட்கிறார்கள், மாதக் கட்டணம் 520 டொலர். மற்றது ரொறன்ரோவுக்கு வெளியே கிழக்கில் இருக்கும் பிக்கரிங்கில், மூன்று மாடி, கட்டி எட்டு வருடம். விலை 8 லட்சம், ஆனால் கட்டணம் 165 டொலர்தான். ஏஜென்ட் அதைக் கிட்டத்தட்ட ஃப்ரீஹோல்ட் (வீடும் காணியும் முழுக்கச் சொந்தம்) மாதிரித்தான் என்கிறார்.

உண்மையைச் சொன்னால் பிக்கரிங் தெரு எங்களைக் கட்டிப் போட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓபன் ஹவுஸுக்குப் போனபோது ஒரு சத்தம் இல்லை. இரண்டு பிள்ளைகள் தெருவிலேயே சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் காரை விட்டு இறங்கியதும் "இங்கேயே இருப்போம் அம்மா" என்றாள். கட்டணமும் குறைவு. கையெழுத்து வைக்க முன்னம் எதைப் பார்க்க வேண்டும்? இப்படி வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

முற்றத்துத்துளசி:

தங்கச்சி, நான் ஏஜாக்ஸில் டவுன்ஹவுஸில் இருக்கிறேன். எங்கள் கொண்டோவை நடத்தும் போர்டில் பல வருடம் பொருளாளராக இருந்தவள். அதனால் இதை வடிவாக எழுத ஆசை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 165க்கும் 520க்கும் நடுவில் நின்று ஒப்பிடுவதை விடுங்கள். அவை ஒரே வேலைக்கான இரண்டு விலை இல்லை. 520 கட்டும் வீட்டில் கூரை, வெளிச்சுவர், பல இடங்களில் ஜன்னல், புல்வெட்டு, ஸ்னோ தள்ளுவது எல்லாம் கோர்ப்பரேஷன் (வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்த கொண்டோ அமைப்பு) தலையில். பிக்கரிங் வீடு அனேகமாக பி.ஓ.டி.எல். என்று சொல்லும் வகை. வீடும் அது நிற்கும் காணித்துண்டும் உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் வீட்டுக்கு முன்னால் போகும் றோட் நகரசபையின் றோட் இல்லை. அந்த றோட், தெருவிளக்கு, விசிட்டர் பார்க்கிங், சில இடங்களில் றோட்டுக்குக் கீழே போகும் குழாய்கள் கூட அங்கே இருக்கிற எல்லா வீட்டுக்காரருக்கும் பொதுச் சொத்து. 165 டொலர் அதற்குத்தான். கூரை ஒழுகினால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். றோட்டுக்குத் திரும்பத் தார் போடும் நாள் வந்தால் அதற்கும் நீங்களும் அயலவர்களும்தான் காசு. நகரசபைக்கு சொத்துவரி கட்டிக்கொண்டே இதையும் கட்டுவீர்கள். கெட்டது என்று சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படி வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் "கிட்டத்தட்ட ஃப்ரீஹோல்ட்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஒஃபர் (இந்த விலைக்கு வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுப்பது) போடக்கூடாது. எது என்னுடையது, எது எல்லாருடையது, அந்த எல்லாருடையதைச் சரிபார்க்க எவ்வளவு காசு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்ற மூன்றும் கையில் இருந்தால்தான் மற்றப் பேச்சு.

அதற்கு கொண்டோ கோர்ப்பரேஷன் தன் நிலைமையை எழுதித் தரும் ஸ்டேட்டஸ் சேர்டிபிகேட் எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் அதற்கு வரியோடு சேர்த்து 100 டொலருக்கு மேல் வாங்க முடியாது, கேட்டு 10 நாளுக்குள் தர வேண்டும், சட்டம் அப்படி. இரண்டு வீட்டுக்குமே எடுங்கள், பிக்கரிங் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் லோயர் வாசிப்பார். நீங்களும் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு ஒருக்கால் இருந்து வாசியுங்கள். ரிசர்வ் ஃபண்டில் (பெரிய திருத்த வேலைகளுக்குச் சேர்த்து வைக்கும் காசு) இருக்கும் தொகை, அடுத்த வருடங்களில் என்னென்ன மாற்ற வேண்டும் என்ற திட்டம், வழக்கு ஏதும் நடக்கிறதா, ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (சேர்த்த காசு போதாமல் வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்கும் தொகை) வரப்போகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். ரிசர்வ் ஃபண்ட் ஆய்வை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய ஆய்வைக் காட்டினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

கட்டணம் குறைவு என்று சந்தோஷப்படுகிறீர்களே, போர்டில் இருந்தவளாகச் சொல்கிறேன்: குறைவான கட்டணம் சில நேரம் கவனமாக நடத்துவதால் வருவது, சில நேரம் ஆட்களுக்கு முகம் கொடுக்கப் பயந்து போர்டு ஏற்றாமல் விடுவதால் வருவது. எங்களுக்கு அடுத்த தொகுதியில் வருடக்கணக்காகக் கட்டணத்தைக் கூட்டவே இல்லை. பொதுக்கூட்டத்தில் கைதட்டுவார்கள். பிறகு கூரையும் வேலியும் ஒன்றாகப் பழுதாகி, வீட்டுக்கு வீடு பதினாலாயிரம் டொலர் என்று கடிதம் வந்தது. ஓய்வூதியத்தில் இருந்த ஒரு அம்மா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் போர்டில் இருக்கிறேன், ஏதும் வழி சொல்வேன் என்று நினைத்து வந்தவர். அது வேறு கோர்ப்பரேஷன், நான் என்ன செய்ய? 520 கட்டுவது பெரிதாகத் தெரியும்தான். ஆனால் அதில் எவ்வளவு ரிசர்வுக்குப் போகிறது என்று பார்த்தால் அது நியாயமான கட்டணமாகவும் இருக்கலாம்.

இனி தெரு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தத் தெருவும் அமைதிதான். வேலைநாளில் இரவு ஏழு மணிக்குப் போய் பாருங்கள், எல்லாரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள், கார்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியும். இந்த வீடுகளில் கராஜில் ஒன்று, டிரைவ்வேயில் ஒன்று. கராஜ் ஒடுக்கம், வான் போட்டால் கதவு திறக்காது. விசிட்டர் பார்க்கிங் எத்தனை, இரவில் நிற்கலாமா, முன்கூட்டிப் பதிய வேண்டுமா? எங்கள் வீடுகளில் ஒரு பிறந்தநாள் என்றால் இருபது கார் வரும், அந்தத் தொடரில் விசிட்டருக்கு எட்டு இடம்தான் இருக்கும். இதில்தான் அயலவர்களோடு முதல் மனஸ்தாபம் வரும்.

டிரைவ்வே எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். எங்கள் தெருவில் தெற்குப் பார்த்த வரிசையில் ஸ்னோ தள்ளி இரண்டு மணித்தியாலத்தில் தார் கறுப்பாகக் காய்ந்துவிடும். வடக்குப் பார்த்த வரிசையில் நாங்கள். மூன்று மாடி உயரத்து நிழல் டிசம்பரிலிருந்து மார்ச் வரை டிரைவ்வேயை விட்டு விலகாது. மேலே வெள்ளையாக இருக்கும், கீழே கண்ணாடி போல ஐஸ். உப்பு வாளியைக் கதவடியிலேயே வைத்திருக்கிறோம். முழங்கால் நோ உள்ளவர் காருக்கு நடக்கும் அந்தப் பத்தடியை நினைத்துப் பாருங்கள். ஆனால் அதே வீட்டின் பின்வளவுக்கு முழு வெயில். என் பச்சை மிளகாயும் வெந்தயமும் அதனால்தான் இப்படி வருகின்றன.

சுவர்ச் சத்தத்துக்கு ஒரு வழி: பக்கத்து வீட்டின் படிக்கட்டு எந்தச் சுவரோடு இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் படிக்கட்டும் அவர்கள் படிக்கட்டும் முதுகோடு முதுகாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. அவர்கள் படிக்கட்டு உங்கள் படுக்கையறைச் சுவரோடு என்றால் அவர்கள் பொடியன் விடிய ஆறு மணிக்கு இறங்கி ஓடுவது உங்கள் தலையணைக்குள் கேட்கும்.

மூன்றாம்_ஒழுங்கை:

அக்கா சொன்னதோடு கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலமாற்று வரி, வீடு வாங்கும்போது ஒருமுறை கட்டுவது. ஸ்கார்பரோ ரொறன்ரோ நகரத்துக்குள் வருவதால் மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று இரண்டு தரம் கட்ட வேண்டும். 680,000க்கு 10,075 மாகாண வரி, அதே தொகை நகர வரி. முதல் வீடு என்றால் மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழிக்கும், மிச்சம் 11,675. பிக்கரிங்கில் 800,000க்கு மாகாண வரி மட்டும்: 12,475, கழிவு போக 8,475. விலை குறைந்த வீட்டுக்குத்தான் வரி கூட. ஆனால் வருடாந்தச் சொத்துவரி விகிதம் பிக்கரிங் இருக்கிற டூரம் பக்கம் ரொறன்ரோவை விட அதிகம், அந்த மிச்சம் சில வருடத்தில் போய்விடும்.

8 லட்சத்துக்குக் குறைந்தபட்ச முற்பணம் 55,000. முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம், மிச்சத்துக்கு 10. இவ்வளவுதான் போடுகிறீர்கள் என்றால் 745,000 கடனுக்கு 4 சதவீதம் மோட்கேஜ் இன்சூரன்ஸ் (நீங்கள் கடன் கட்டாவிட்டால் வங்கியைக் காக்கும் காப்புறுதி), 29,800. அதைக் கடனோடு சேர்க்கலாம். ஆனால் அதன் மேல் வரும் 8 சதவீத மாகாண விற்பனை வரி 2,384 டொலரை வீடு கைமாறும் குளோசிங் நாளில் கையில் வைத்திருக்க வேண்டும். இதை நிறையப் பேருக்கு யாரும் முன்னமே சொல்வதில்லை.

ஊரில் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ வீடு இருக்கிறதா? அந்த 4,000 கழிவுக்கு உலகத்தில் எங்கேயும் வீடோ வீட்டில் ஒரு பங்கோ உங்கள் பெயரில் இருந்திருக்கக்கூடாது. கணவன் மனைவியாக இருக்கும் காலத்தில் மற்றவருக்கும் இருந்திருக்கக்கூடாது. சீதனமாக எழுதிய வீடும் வீடுதான். ஒளிக்காமல் லோயரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைச்சோறு:

மூன்று மாடி வேண்டாம் தங்கச்சி. என் மாமியார் எங்களோடு அப்படி ஒரு வீட்டில் இருந்தார். கீழே கராஜும் ஒரு சின்ன அறையும், குசினி இரண்டாம் தட்டில், படுக்கை மூன்றாம் தட்டில். ஒரு தேத்தண்ணீர் வேண்டும் என்றாலும் படி. கடைசியில் அவர் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். வெளியே அமைதியான தெரு, நடக்க நல்ல பாதை, அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்த்தட்டில் படுக்க ஓர் அறையும் குளிக்க இடமும் இல்லாத வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள். பழைய கொண்டோ டவுன்ஹவுஸ் இரண்டு தட்டு என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கறிவேப்பிலைத்தொட்டி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. சீதன விஷயம் நல்ல வேளை சொன்னீர்கள். உரும்பிராயில் ஒரு வீட்டில் எனக்குப் பங்கு இருக்கிறது, நாளைக்கே லோயரிடம் கேட்கிறேன். பிக்கரிங் வீட்டில் கீழ்த்தட்டு அறை இருக்கிறது, குளியலறை இல்லை, டொய்லெட் மட்டும்தான். குளியல் போடலாமா? அக்கா, பழைய வீட்டில் என்ன பயப்பட வேண்டும்? அதோடு எங்கள் ஏஜென்ட் நிபந்தனை இல்லாத ஒஃபர் போட்டால்தான் கிடைக்கும் என்கிறார்.

முற்றத்துத்துளசி:

கடைசியிலிருந்து வருகிறேன். நிபந்தனை இல்லாமல் போடாதீர்கள். பில்டரிடம் புதுக் கொண்டோ வாங்கினால்தான் 10 நாள் யோசிக்கச் சட்டம் இடம் தரும். கைமாறும் வீட்டுக்கு அது இல்லை. கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். ஸ்டேட்டஸ் சேர்டிபிகேட்டை லோயர் பார்ப்பது, வீட்டு இன்ஸ்பெக்ஷன், மோட்கேஜ் என்ற மூன்றையும் எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். போட்டி கூடி மூன்றும் முடியாது என்றால், சேர்டிபிகேட்டை ஒஃபருக்கு முன்னமே எடுத்து வாசித்துவிடலாம். சில விற்பனையாளர்கள் தயாராகவே வைத்திருப்பார்கள். அதற்கும் மனமில்லாத வீட்டை விட்டுவிடுங்கள், வேறு வீடு வரும்.

1970களின் வீட்டில் முதலில் மின்கம்பி. அந்தக் காலத்தில் நிறைய வீடுகளுக்கு அலுமினியம் வயர் போட்டார்கள். சரிபார்த்த பத்திரம் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ்காரர் இழுத்தடிப்பார்கள். சூடாக்குவது கரண்ட் பேஸ்போர்டா, காஸ் ஃபர்னஸா என்று பார்த்து, கடந்த குளிர்கால பில்லைக் கேளுங்கள். தண்ணீர்ச் சூடாக்கி வாடகைக்கு எடுத்ததா என்பதையும் கேளுங்கள், அந்த ஒப்பந்தம் உங்கள் தலையில் வந்துவிடும். பேஸ்மென்டில் மூலைக்கு மூலை போய் மணந்து பாருங்கள். புதுப் பெயின்ட் மணம் ஒரே ஒரு சுவரில் மட்டும் வந்தால் இன்ஸ்பெக்டரை அங்கே ஈரமானி வைக்கச் சொல்லுங்கள்.

கீழ்த்தட்டில் குளியல் போடலாம். அங்கே டொய்லெட் இருக்கிறபடியால் கழிவுக்குழாய் கிட்ட இருக்கிறது, செலவு அவ்வளவு ஏறாது. நகரசபை பெர்மிட் எடுக்க வேண்டும். பி.ஓ.டி.எல். வீட்டின் உள்பக்கம் உங்களுடையது என்பதால் போர்டு தடுக்காது. ஆனால் வெளிச்சுவரில் ஃபான் குழாய்க்குத் துளை போட முன்னம் அங்கே வெளித்தோற்றத்துக்கு ஏதும் கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்று லோயரிடம் கேளுங்கள். ஒஃபர் போட முன்னமே ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய் விலை கேட்டால் நல்லது. அந்தத் தொகையை 8 லட்சத்தோடு சேர்த்துத்தான் நீங்கள் ஸ்கார்பரோ வீட்டோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த முறை போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். காரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து குசினிக்கு அவரே ஏறட்டும். நீங்கள் பேசாமல் பின்னால் போங்கள். பிறகு எந்த வீடு என்று இங்கே எழுதுங்கள், சேர்டிபிகேட் வந்தால் ரிசர்வ் ஃபண்ட் பக்கத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.