10 மடங்கு மைக்ராஸ்கோப் லென்ஸ்: சிலந்தியின் கண்ணில் ஃப்ளாஷ் எரிகிறது, டிஃப்யூசர் யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வீட்டுச் சுவரில் திரியும் தாவும் சிலந்தியின் முகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தானாக இறந்து கிடந்தது, நான் கொல்லவில்லை.

லென்ஸ் 10 மடங்கு இன்ஃபினிட்டி வகை (படம் விழ இன்னொரு லென்ஸ் துணை வேண்டும்), என்ஏ, அதாவது ஒளியை வாங்கும் கோணத்தின் அளவு, 0.25. கேமராவில் 200 மி.மீ. டெலி லென்ஸை மாட்டி, அதன் முன்னால் இதைப் பொருத்தியிருக்கிறேன். ஒரு படத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால், மோட்டார் ரெயிலை ஒவ்வொரு படத்துக்கும் 6 மைக்ரான் நகர்த்தி, எடுத்த படங்களை ஜெரீன் ஸ்டேக்கர் மென்பொருளில் பிமேக்ஸ் முறையில் ஒரே தெளிவான படமாக அடுக்குகிறேன். ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும் முடிகளுக்கு அதிலுள்ள இன்னொரு முறையான டிமேப் சரிப்படவில்லை.

சிக்கல் கண்ணில்தான். முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களும் கண்ணாடிக் குண்டு மாதிரி வழுவழுப்பு. ஃப்ளாஷ் அப்படியே வெள்ளைப் புள்ளியாக எரிகிறது. ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசராக டிரேசிங் பேப்பர் வைத்தால் புள்ளி பெரிதாகிறதே தவிர, விளிம்பு மங்கவில்லை. பிங்பாங் பந்தை வெட்டிக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். ஆனால் லென்ஸுக்கும் சிலந்திக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்தான் இடம், எப்படி நுழைப்பது?

இந்த அளவில் டிஃப்யூசர் செய்தவர்கள் அதன் படத்தைப் போடுங்களேன். குறுக்குப் போலரைசர் (ஃப்ளாஷிலும் லென்ஸிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து பளபளப்பைத் தடுக்கும் ஃபில்டர்கள்) போட்டால் சிலந்தியின் செதில்களின் மினுமினுப்பும் போய்விடுமா? எல்இடி மட்டும் வேண்டாம், அதற்கு ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும், மாடியில் யாராவது நடந்தாலே படம் ஆடுகிறது!